பழைய றிவோல்வரும் படச் சான்றும்

தொல்கருவியொன்றின் மெய்ம்மையைப் படங்கொண்டு துணிவது எளிதன்று. 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கோல்ற் றிவோல்வர் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். இணையவழி ஏலப் படத்தில் முதற்கண் நோக்கற்பாலன விளிம்பும் எழுத்துமாம். பிற்காலத்தில் தேய்த்து நீலமேற்றிய கருவியில் விளிம்புகள் மழுங்கும். திருகாணித் துளைகளின் வாய் குழியும். பொறித்த எழுத்து மங்கும். அடுத்து, உடற்சட்டம், விசைக்காப்பு, பிடியின் பின்பட்டை ஆகியவற்றின் தொடரெண்கள் ஒத்தல் வேண்டும். எனினும், 1890களிற் படைத்துறையினர் பல கருவிகளைப் பிரித்து, ஏழரை அங்குலக் குழலை ஐந்தரை அங்குலமாகக் குறைத்து மீளப் பூட்டினர். அப்பொழுது உறுப்புகள் கலந்தன. ஆதலின் எண் வேறுபாடு ஒன்றே கொண்டு அவற்றைப் போலியெனத் தள்ளலாகாது. படம் ஐயுறப் போதும், தெளியப் போதாது. விலை கூறுமுன் எண்களின் அண்மைப் படங்களைக் கேட்டுப் பெறுதலும், இயலுமாயின் கருவியை நேரிற் காண்டலும் வாங்குவோர் கடனாம்.