எஸ்தோனிய நாட்டு இளங்கவி

புலவரின் பெருமை அவர் வாழ்ந்த ஆண்டுகளின் தொகையைப் பொறுத்ததன்று. இருபத்தோராண்டே இவ்வுலகில் வாழ்ந்து, தம் தாய்மொழிப் பாடல்கள் நூலுருப் பெறக் காணாமலே மறைந்த ஒருவரை ஒரு நாடு தன் புதுக்கவிதையின் தந்தையெனப் போற்றுகின்றது. அவரே கிறிஸ்தியான் யாக் பீட்டர்சன்.

எஸ்தோனியா பால்டிக் கடலின் கீழ்க்கரையில் அமைந்த சிறு நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ருஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. நிலமும் அதிகாரமும் ஜெர்மானியப் பிரபுக்களிடம் இருந்தன. எஸ்தோனியரோ பெரும்பாலும் அவர்தம் பண்ணையடிமைகள். வடபகுதியில் 1816-இலும், தென்பகுதியை உள்ளடக்கிய லிவோனியா மாகாணத்தில் 1819-இலுமே அத்தளை சட்டத்தால் நீங்கிற்று. கல்விக்கும் ஆட்சிக்கும் உரிய மொழி ஜெர்மன். வயலுக்கும் வீட்டுக்கும் உரியது எஸ்தோனியம். 1739-இல் வேதாகமம் முழுவதும் எஸ்தோனிய மொழியில் அச்சேறியிருந்ததாயினும், அம்மொழியில் நூல் செய்தவர் பெரும்பாலும் ஜெர்மானியக் குருமாரே. குடியானவருக்குப் போதிக்க அது போதும், உயர்ந்த கவிதைக்கு ஏலாது என்பதே கற்றோர் பலர் கொண்ட கருத்து.

இத்தகைய காலத்தில், 1801-ஆம் ஆண்டு மார்ச்சு 14-ஆம் நாள், இன்று லாத்வியாவின் தலைநகராயுள்ள ரீகாவில் பீட்டர்சன் பிறந்தார். தந்தையார் அந்நகரத்துத் தேவாலயமொன்றில் மணியடிக்கும் எளிய ஊழியர். வறுமை தடுத்தும் மைந்தரின் கல்வி வேட்கை தணியவில்லை. ரீகா உயர்பள்ளியிற் பயின்றபோதே பல மொழிகளைக் கற்று, எஸ்தோனியத்தில் பாக்கள் புனையலானார். 1819-இல் தார்த்துப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து இறையியல் பயின்றார். இரு நகரங்களுக்கும் இடையே ஏறக்குறைய 150 மைல். அவ்வழியை அவர் கால்நடையாகவே கடந்தார் என்றும், ஜெர்மானிய மாணாக்கர் நடுவே குடியானவர் உடையிலேயே உலவினார் என்றும் கூறுவர்.

அவர் யாத்தவை பெரும்பாலும் எதுகையற்ற ஓதைகளும் முல்லைப் பாடல்களுமாம். இறைவனின் அளவிலாப் பெருமை, மனிதனின் நிலையாமை, இயற்கையின் மாட்சி ஆகியவற்றை அவை பாடுகின்றன. கிரேக்கரும் ஜெர்மானியரும் கையாண்ட உயர்ந்த யாப்பில், உழவர் மொழியைக் கொண்டே கடவுளைத் துதித்தமை அக்காலத்துக்குப் புதுமை. தம் நாட்டு மொழி நித்தியமானவற்றைப் பாடவல்லதோ என்னும் வினாவையும் ஒரு பாட்டில் எழுப்பினார். அப்பாட்டே அதற்கு விடையாயிற்று.

பட்டம் பெறுமுன்னரே பல்கலைக்கழகத்தை நீங்கி ரீகாவுக்குத் திரும்பிய அவர், மொழிகளைக் கற்பித்து வயிறு வளர்த்தார். பின்லாந்துப் புராணக் கதைகளைப் பற்றிக் கானாந்தர் எழுதிய நூலை ஜெர்மனில் பெயர்த்தார். பின்வந்த எஸ்தோனிய எழுத்தாளர் தம் முன்னோரின் பழங்கதைகளைத் தேட அந்நூல் ஊக்கமளித்தது. ஆனால் க்ஷயரோகம் அவரைப் பற்றிக்கொண்டது. 1822 ஆகஸ்டு 4-இல் உயிர் நீத்தார்.

அவருடைய எஸ்தோனியப் பாக்கள் கையெழுத்துப் படிகளிலேயே நெடுங்காலம் உறங்கின. அதற்கிடையே காலம் மாறிற்று. 1918-இல் எஸ்தோனியா விடுதலையை அறிவித்தது. 1919-இல் தார்த்துப் பல்கலைக்கழகம் எஸ்தோனிய மொழியிலேயே கற்பிக்கத் தொடங்கிற்று. அவர் மறைந்து நூறாண்டு கழிந்த 1922-இல் அப்பாக்கள் நூலாகத் தொகுக்கப்பெற்று வெளிவந்தன. அன்று அவற்றைப் படித்தவர், தம் மொழியின் தகுதி பற்றி எழுந்த ஐயத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே விடை எழுதப்பட்டிருந்ததைக் கண்டனர்.

அவர் பிறந்த மார்ச்சு 14-ஐ எஸ்தோனியர் இன்று தாய்மொழி நாளாகக் கொண்டாடுகின்றனர். தார்த்து நகரின் தோமே குன்றில், கையிற் கோலுடன் அவருடைய சிலை நிற்கின்றது. ஒரு மொழிக்கு உயர்வு தருவது அதைப் பேசுவோரின் செல்வமன்று. அதைக்கொண்டு தம் உள்ளத்தின் சிறந்ததைச் சொல்லத் துணிவோரின் அன்பே என்பதை அவ்வெளிய வழிநடையாளர் நமக்கு உணர்த்துகின்றார்.