பீரங்கி வாயும் குழலோசையும்

ஜெர்மனி தேசத்து ஹாமெலின் நகரத்தில் வாத்தியம் எதுவும் முழங்கலாகாத வீதி ஒன்று இன்றைக்கும் உண்டு. 1284-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு நாள், குழலூதுவோன் ஒருவனைப் பின்தொடர்ந்து 130 பிள்ளைகள் அவ்வழியே போய் மறைந்தார்கள் என்பது அவ்வூர் ஐதிகம். எலிகளை அவன் ஒழித்ததும், பேசிய கூலி கிடையாமல் பழிதீர்த்ததும் பிற்காலத்தார் சேர்த்த அலங்காரங்கள். கீழ்த்திசை நாடுகளில் குடியேற்றுவதற்காக ஆள் திரட்டிச் சென்றவர்களைப் பற்றிய நினைவே நாளடைவில் இவ்வாறு கதையாயிற்று என்று சரித்திர ஆசிரியர் சிலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

காரைக்கால் பிரதேசத்துச் சுரக்குடியில் இருப்பவர் இத்தகைய விருத்தாந்தங்களைத் தேடி ஐரோப்பாவுக்குக் கப்பலேற வேண்டியதில்லை. 1619-இல் 'ஓரெசுண்ட்' என்னும் டேனிஷ் கப்பலைக் காரைக்காலுக்கு நேரே கடலில் வளைத்துக்கொண்ட போர்ச்சுக்கீசியர், மாலுமிகளில் பெரும்பாலோரைக் கொன்றும் சிறைப்பிடித்தும், அவர்களில் இருவருடைய தலைகளைக் கொய்து, பின்னால் வரும் டேனிஷ்காரருக்கு எச்சரிக்கையாகக் கடற்கரையிலே கழிகளில் குத்தி நிறுத்தினார்கள். தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவனும் அவனோடு எஞ்சிய சிலரும் தஞ்சை இரகுநாத நாயக்கர் சமுகத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மறு ஆண்டில் நாயக்கரோடு ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாகவே, இன்று உல்லாசப் பிரயாணிகள் படமெடுத்துக்கொள்ளும் தரங்கம்பாடி டேன்ஸ்பர்க் கோட்டை எழுந்தது.

அதனினும் கொடிது 1758-இல் நடந்தது. பிரெஞ்சுத் தளபதி லாலி, தஞ்சை மன்னர் முன்னொரு காலத்தில் எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரத்தைக் காட்டிப் பணம் வாங்கிவரப் புறப்பட்டபோது, அவனிடம் வீரர்களுக்குச் சம்பளமும் இல்லை, சோறும் இல்லை. காரைக்கால் வழியாக வந்த அந்தப் பசித்த சேனை, கீழ்வேளூர்க் கோயிலுக்குள் புகுந்து சூறையாடி, வீடுகளைத் தோண்டி, குளங்களைத் துழாவியும் தேடிய திரவியம் கிடைக்கவில்லை. அங்கே சுற்றித் திரிந்த அந்தணர் அறுவரை ஒற்றர் என்று தீர்மானித்த லாலி, அவர்களைப் பீரங்கி வாயிலே கட்டிச் சுட உத்தரவிட்டான். தஞ்சை முற்றுகையும் பலிக்கவில்லை. சில ஆண்டுகளில் புதுச்சேரியையும் இழந்து, ஆங்கிலேயர் கைதியாகி, பின்பு தன் தேசத்திலேயே துரோகி என்று குற்றஞ்சாட்டப்பட்டு, 1766 மே 9-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் வாய் அடைக்கப்பட்ட நிலையில் சிரச்சேதம் செய்யப்பட்டான். அந்தத் தீர்ப்பு அநீதியானது என்று வால்டேர் வாதாடினார். 1778-இல் அது ரத்தாயிற்று. கீழ்வேளூர் அறுவருக்காக வாதாட அங்கே எவரும் இல்லை. இதே சம்பவம் ஐரோப்பாவின் ஏதேனும் ஒரு சிற்றூரில் நிகழ்ந்திருந்தால், ஆறு ஆவிகளின் சாபமே தளபதியின் நாவை அடைத்தது என்று ஒரு கதை பிறந்து, அதைக் காட்டிக் கட்டணமும் வசூலித்திருப்பார்கள்!

நம்மவர் மனப்பாங்கு வேறு. தம்மைப் பேய் என்றே சொல்லிக்கொண்ட அம்மையாரைத் தெய்வமாகக் கொண்டாடி, ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா எடுக்கும் ஊர் காரைக்கால். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரனை ஆவியென்று அஞ்சி விரட்டாமல், காவல் தெய்வமாக எல்லையில் நிறுத்திக்கொண்டவர்களும் நம் குடியானவர்களே.

அந்த மதுரைவீரனும் கப்பலேறினான். 1854 முதல் 1889 வரையில், கரும்புத் தோட்ட வேலைக்கென்று ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து பிரெஞ்சுத் தீவாகிய குவாதலூப்புக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். அவர்களில் மிகுதியானோர் தமிழர். புதுச்சேரியைப் போலவே காரைக்காலும் அவர்கள் ஏறிய துறைமுகம். ஹாமெலின் குழலூதிக்கு இங்கே ஆள்பிடிக்கும் தரகன் என்று பெயர். பஞ்சகாலத்தில் அவனுக்குக் குழல்கூடத் தேவைப்படவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அவர்களுடைய சந்ததியார் பிரெஞ்சும் கிரியோலும் பேசுகிறவர்களாக மாறிய பின்பும், மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் கோயிலெடுத்து, கிடாவெட்டி, பொருள் மறந்துபோன தமிழ்ப் பாட்டுகளைப் பாடி வழிபட்டு வருகிறார்கள். நாகூர் ஆண்டவருக்குக் கொடிமரம் நட்டுக் கொடியேற்றவும் அவர்கள் தவறுவதில்லை.