யாவர்க்குமான நடைமேடை

நுழையும்முன்

ஊர்களை இணைப்பன தண்டவாளங்கள். அவை மனிதர் அனைவரையும் இணைக்கின்றனவா? கல்விக்கும் பணிக்கும் மருத்துவத்திற்கும் நாள்தோறும் பயணம் செய்வோருள் மாற்றுத்திறனாளிகளும் உளர். அவர்கள் பிறர் துணையின்றி, தன்மதிப்போடு பயணம் செய்யத் தொடர்வண்டி நிலையம் எவ்வாறு அமைய வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தடை எங்கே இருக்கிறது?

சக்கர நாற்காலியில் வரும் ஒருவர் படிக்கட்டின் முன் நின்றுவிடுகிறார். அவரைத் தடுத்தது அவருடைய கால்களா, படிக்கட்டா? அதே இடத்தில் சாய்தளம் இருந்திருந்தால் அவர் தடையின்றிச் சென்றிருப்பார். உடற்குறையும் சூழலில் உள்ள தடைகளும் ஒன்றுசேரும்போதே ஒருவரது சமூகப் பங்கேற்பு பாதிக்கப்படுகிறது என்னும் இக்கருத்தையே 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஏற்றுக்கொண்டுள்ளது. எனவே, மாற்றப்பட வேண்டியவர் மனிதர் அல்லர். மாற்றப்பட வேண்டியது கட்டடமே.

இரக்கமன்று, உரிமை

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு நிறைவேற்றியது. இந்தியா அதனை 2007ஆம் ஆண்டு ஏற்றது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டிருந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 21 வகைகளாக விரிவாக்கியது. வாகன நிறுத்துமிடம், கழிப்பறை, பயணச்சீட்டு வழங்குமிடம் ஆகியன அனைவரும் அணுகத்தக்கனவாக அமைய வேண்டும் என்றும் அது கூறுகிறது. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். இத்துணைப் பேரின் பயணத்தைப் பிறரது இரக்கத்திற்கு விட்டுவிடுதல் அறமாகாது.

கால்கள் படிக்கும் எழுத்து

நடைமேடைகளில் பதிக்கப்பட்டுள்ள மஞ்சள்நிறக் கற்களை நாம் கண்டிருப்போம். அவை அழகிற்காகப் பதிக்கப்பட்டவை அல்ல. நீண்ட கோடுகள் கொண்ட கல், 'இவ்வழியே செல்க' என்கிறது. வட்டப் புள்ளிகள் கொண்ட கல், 'நில், கவனி' என்கிறது. பார்வையற்றோர் இவற்றைக் காலாலும் கைத்தடியாலும் உணர்ந்து, நடைமேடையின் விளிம்பை முன்கூட்டியே அறிகின்றனர். மங்கலான பார்வை உடையோருக்கு அவற்றின் மஞ்சள் நிறமே வழிகாட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்

தொட்டுணரும் தரைக்கற்களை 1965ஆம் ஆண்டு உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த செய்இச்சி மியாகே. 1967ஆம் ஆண்டு ஒகயாமா நகரில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள சாலையில் அவை முதன்முதலாகப் பதிக்கப்பட்டன.

சாய்தளத்தின் கணக்கு

சரிவாக அமைந்தவை எல்லாம் நல்ல சாய்தளம் ஆகிவிடா. ஒரு பங்கு உயரத்திற்குக் குறைந்தது பன்னிரண்டு பங்கு நீளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. 75 சென்டிமீட்டர் உயரத்தை அடைய 9 மீட்டர் நீளமுள்ள சாய்தளம் தேவை. சரிவு மிகுந்தால் சக்கர நாற்காலியைத் தம் கைகளால் உந்திச் செல்பவர் ஏற இயலாது. இறங்கும்போது நாற்காலி கட்டுப்பாட்டை இழக்கவும் கூடும். இருபுறமும் கைப்பிடியும், நீண்ட சாய்தளமாயின் இடையிடையே இளைப்பாறச் சமதளமும் வேண்டும்.

நடைமேடையும் பெட்டியும்

நிலையத்தைச் சீர்செய்துவிட்டால் மட்டும் பயணம் எளிதாகிவிடுமா? நம் நாட்டின் உயர்மட்ட நடைமேடைகள், தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ 76 முதல் 84 சென்டிமீட்டர் உயரமுடையவை. விரைவுத் தொடர்வண்டிப் பெட்டிகளின் தளமோ ஒன்றேகால் மீட்டர் அளவிற்கு உயர்ந்துள்ளது. மின்தூக்கியில் இறங்கி, மஞ்சள் கற்களின் வழியே வந்த பயணியும் இறுதியில் இந்த இடைவெளியின்முன் நிற்க நேர்கிறது. 2015ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சென்னை மெட்ரோ தொடர்வண்டியில் நடைமேடையும் பெட்டித் தளமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்துள்ளன. சக்கர நாற்காலியை யாரும் தூக்க வேண்டிய தேவை அங்கு இல்லை. பழைய நிலையங்களில், எடுத்துச் செல்லத்தக்க சாய்பலகைகளும் பயிற்சி பெற்ற பணியாளர்களும் இக்குறையைப் போக்கலாம்.

ஒரே செய்தி, இரு வழிகள்

வண்டி நிற்கும் நடைமேடை கடைசி நேரத்தில் மாற்றப்படுவதுண்டு. அதனை ஒலிபெருக்கியில் மட்டும் அறிவித்தால் செவித்திறன் குறைந்தோர் அறியார். மின்பலகையில் மட்டும் காட்டினால் பார்வையற்றோர் அறியார். ஆகவே, ஒவ்வொரு செய்தியும் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே சென்று சேர வேண்டும். மின்தூக்கியின் பொத்தான்களிலும் படிக்கட்டின் கைப்பிடிகளிலும் பிரெய்ல் எழுத்துகள் இடம்பெறுதல் நன்று.

சங்கிலியின் கண்ணிகள்

அணுகல் என்பது ஒரு சங்கிலி. நுழைவாயில், பயணச்சீட்டு வழங்குமிடம், மின்தூக்கி, நடைமேடை, பெட்டி, கழிப்பறை ஆகியன அதன் கண்ணிகள். ஒரு கண்ணி அறுந்தாலும் ஏனையவை பயனற்றுப் போகும். பூட்டிக் கிடக்கும் மின்தூக்கி, சுமைகள் அடுக்கப்பட்ட வழிகாட்டிக் கற்கள், பொருள் வைக்கும் அறையாகிப்போன கழிப்பறை ஆகியன கட்டுமானத்தின் குறைகள் அல்ல, பராமரிப்பின் குறைகள். அணுகல் தரநிலைகள் வெறும் பரிந்துரைகளாக இராமல் கட்டாய விதிகளாக வேண்டும் என 2024ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பது இங்குக் குறிப்பிடத்தக்கது.

மாற்றுத்திறனாளிக்கென அமைத்த சாய்தளத்தில் முதியவரும், கருவுற்ற பெண்ணும், சுமையோடு வருபவரும் செல்கின்றனர். மஞ்சள் கற்களின்மீது பைகளை வைக்காதிருத்தல், மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டியில் பிறர் ஏறாதிருத்தல், "உதவி வேண்டுமா?" எனக் கேட்டபின் உதவுதல் ஆகியன நாம் இன்றே செய்யத்தக்கவை. யாவரும் பிறர் கையை எதிர்பாராமல் ஏறி இறங்கும் நிலையமே முழுமை பெற்ற நிலையமாகும்.