வாயு என்றுதான் நினைத்தேன்!

என் வயிற்றின் வலப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குத் தழும்பு இருக்கிறது. 12 வயதில் குடல்வாலை அகற்றிய அடையாளம். ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தேன். அந்தத் தழும்போடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்த நானே, என் 15 வயது மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது, “வாயுவா இருக்கும், போய்ப் படு” என்று சொல்லிவிட்டேன்.

வலி முதலில் தொப்புளைச் சுற்றித்தான் இருந்தது. முதல் நாள் இரவு மாமாக் கடையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் மீது பழியைப் போட்டோம். என் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். நான் தைலம் தடவினேன். பேதி மருந்து கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளையாக மனைவி தடுத்துவிட்டார். அன்றிரவு மகன் சாப்பாட்டைத் தொடவில்லை. ஒருமுறை வாந்தி எடுத்தான். விடிவதற்குள் வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது. உடம்பும் இலேசாகச் சுட்டது.

மருத்துவமனைக்குப் போகும் வழியில் கார் ஒவ்வொரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும் “அப்பா, மெதுவா!” என்று கத்தினான். இதைச் சொன்னதும் மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். குடல்வால் வீங்கி வயிற்றின் உட்சவ்வும் புண்பட்டுவிட்டால் சிறு குலுக்கல்கூட வலிக்குமாம். இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் கடுமையான குடல்வால் அழற்சி என்பதை உறுதிப்படுத்தின.

அறுவை மருத்துவர் தாளில் படம் வரைந்து விளக்கினார். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் விரல்போல் தொங்கும் சிறு குழாய்தான் குடல்வால். அதன் வாய் அடைபட்டால் உள்ளே கிருமிகள் பெருகிச் சீழ் பிடிக்கும். கவனிக்காமல் விட்டால் வெடித்து, வயிறு முழுவதும் கிருமி பரவி உயிருக்கே ஆபத்தாகும்.

“மருந்திலேயே குணமாக்க முடியாதா, டாக்டர்?” என்று கேட்டேன். சிலருக்குக் கிருமிக்கொல்லி மருந்து போதும். ஆனால் நோய் திரும்பி வரக்கூடும் என்றார். மகனின் குடல்வாலை இறுகிய மலக்கட்டி அடைத்திருந்ததால் அகற்றுவதே நல்லது என்றும் சொன்னார்.

என்னைப்போல் வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை என்பது ஆறுதலாக இருந்தது. 1980ல் ஜெர்மனியின் கீல் நகரில் கர்ட் செம் என்ற மகப்பேறு மருத்துவர்தான் குடல்வாலை முதன்முதலில் நுண்துளை வழியாக அகற்றினார். அன்று சக மருத்துவர்களே அவரைக் கடுமையாக எதிர்த்தார்களாம். இன்று அது வழக்கமான சிகிச்சை.

தொப்புள் அருகே ஏறக்குறைய 1 சென்டிமீட்டரில் ஒரு துளை, அடிவயிற்றில் இன்னும் சிறியதாக இரண்டு. கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைத்து, கேமரா வழியே திரையில் பார்த்தபடி குடல்வாலின் அடியைக் கட்டி, வெட்டி, சிறு பையில் போட்டு வெளியே எடுக்கிறார்கள். ஆனால், “தேவைப்பட்டால் வயிற்றைத் திறக்க நேரிடும்” என்று சம்மதப் படிவத்தில் இருந்தது. கையெழுத்துப் போடும்போது என் கை நடுங்கியது.

ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மருத்துவர் வெளியே வந்தார். “நுனி கறுத்துவிட்டது, இன்னும் வெடிக்கவில்லை. இதற்குமேல் காத்திருந்தால் ஆபத்தாகியிருக்கும்” என்றார். ஓமத் தண்ணீரும் தைலமுமாக நான் கடத்திய அந்த இரவு கண்முன் வந்துபோனது.

மறுநாள் மகன், “வயித்துலதானே ஆப்பரேஷன், தோள்பட்டை ஏன்பா வலிக்குது?” என்று கேட்டான். உள்ளே மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. ஓரிரு நாளில் போய்விட்டது. இரண்டாம் நாள் வீடு திரும்பியவன், ஒரே வாரத்தில் பூட்சால் விளையாடக் கிளம்பினான். வெளிக்காயம் சிறிதானாலும் உள்காயம் ஆற நாளாகும் என்று சொல்லித் தடுத்தோம்.

தொப்புளில் தொடங்கி வலப்பக்கம் இறங்கும் வலி, பசியின்மை, வாந்தி, இலேசான காய்ச்சல் இவை சேர்ந்து வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம். பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த அறிகுறிகள் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். விடியட்டும் என்று என்னைப்போல் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.