மெம்பர் வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலில் உள்ளாட்சி பற்றிய பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். ஊராட்சியின் பணிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போடுவேன். தெருவிளக்கு, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், சுடுகாடு, சாலை. பிள்ளைகளும் பார்த்து எழுதுவார்கள், தேர்விலும் எழுதுவார்கள். அத்துடன் அந்தப் பாடத்துக்கும் எங்களுக்கும் இருந்த உறவு முடிந்துவிடும்.

2023-24 கல்வியாண்டில் ஒரு நாள் மதிய உணவு இடைவேளையில் என் மாணவி ஒருத்தியின் ஆயா பள்ளிக்கு வந்தார். பெற்றோர் இருவரும் பெங்களூரில் கட்டட வேலை. பிள்ளையை வளர்ப்பது இவர்தான். "டீச்சர், முதியோர் பணத்துக்குப் பேப்பர் எல்லாம் மெம்பர்கிட்ட குடுத்து பதினோரு மாசம் ஆவுது. போனா வரும் வரும்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லு தாயி" என்றார். நான் மாலையில் ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்ச் செயலரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அது எங்க வேலையே இல்லைங்க டீச்சர். தாலுகா ஆபீஸ்ல குடுக்கணும்."

அந்த ஆதார் நகலும் ரேஷன் கார்டு நகலும் வங்கிப் புத்தக நகலும் பதினோரு மாதமாக மெம்பர் வீட்டுப் பீரோவில் ஒரு மஞ்சப்பையில் இருந்தன. யாரும் ஏமாற்றவில்லை. வாங்கி வைத்தவருக்கு அது எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் கூச்சம். 2023 ஆகஸ்டில் முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200 ரூபாயாக ஆகியிருந்தது. மனு கொடுக்காத மாதங்களுக்குக் கணக்குப் பார்த்து யாரும் பின்னால் தரப்போவதில்லை. உள்ளாட்சிப் பாடம் நடத்தும் எனக்கும் அன்றுவரை அது தெரியாது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அந்த ஆண்டு மூன்றாம் பருவத்தில் பாடத்தைத் தலைகீழாகத் தொடங்கினேன். "மெம்பரைப் பார்த்து உங்கள் வீட்டில் கடைசியாக என்ன கேட்டார்கள்? வீட்டில் விசாரித்து எழுதி வாருங்கள். யார் பெயரும் எழுத வேண்டாம்" என்றேன். மறுநாள் வந்த தாள்களில் பாதிக்கு மேல் ஊராட்சிக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விகள். பட்டா மாற்றம், ரேஷன் கார்டில் மருமகள் பெயர், மகளிர் உரிமைத்தொகை ஏன் வரவில்லை, சாதிச் சான்றிதழ், கடையில் பருப்பு ஏன் போடவில்லை. ஒரு பையன், "எங்கப்பாவுக்கு டாஸ்மாக்க மூடச் சொல்லிக் கேக்கணுமாம், ஆனா கேக்கலையாம்" என்று எழுதியிருந்தான்.

மக்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. தாலுகா அலுவலகம் பதினெட்டுக் கிலோமீட்டர். மெம்பர் வீடு அடுத்த தெரு. தெரிந்த முகத்திடம்தான் யாரும் முதலில் கேட்பார்கள். ஆனால் தவறான வாசலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு நாள் சம்பளம். பிள்ளைகளிடம் இதைச் சொன்னதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. அவர்களுக்கு இது புத்தகக் கணக்கு இல்லை.

எந்தக் கேள்வி எந்த வாசலுக்கு என்று பிரிக்க உட்கார்ந்தோம். வருவாய்த் துறைக்கு உரியவை எளிதாகப் பிரிந்தன. பட்டா, சாதிச் சான்று, வருமானச் சான்று, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். ஓய்வூதியத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் இருக்கிறார். ரேஷன் கார்டு வட்ட வழங்கல் அலுவலகத்தின் வேலை. இவற்றில் மெம்பர் செய்யக்கூடியது உடன் வந்து எடுத்துச் சொல்வது மட்டும்.

பிறப்புச் சான்று பற்றி ஆசிரியர்களாகிய நாம் கொஞ்சம் நிதானித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம்தான் அதிகம் கேட்கிறார்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்ய வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்காமல் பதிந்திருந்தால் ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் தாமதக் கட்டணத்துடன் 15 ஆண்டுகள் வரையும் பெயரைச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அந்தத் தேதியிலிருந்து பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றே ஆவணம். அந்தக் குழந்தைகள் முதல் வகுப்புக்கு வரும்போது பெயரில்லாத சான்றோடு நிற்கும் பெற்றோரை நாம்தான் சந்திக்கப் போகிறோம். அங்கன்வாடியிலேயே கேட்டுச் சரிசெய்யச் சொல்வது நல்லது.

ஊராட்சிக்கே உரிய கேள்விகளில்தான் எனக்கும் பாடம் கிடைத்தது. தெருவிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் ஏரிக்கரை வளைவில் விளக்கு எரிவதில்லை. அந்த வழியாக வரும் மூன்று பெண்பிள்ளைகள் மாலை சிறப்பு வகுப்புக்கு நிற்பதே இல்லை. மின்வாரியத்தில் சொன்னால் ஊராட்சி என்கிறார்கள், ஊராட்சியில் சொன்னால் மின்வாரியம் என்கிறார்கள் என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். இரண்டும் பாதி உண்மை. கம்பமும் கம்பியும் மின்வாரியத்துடையவை. விளக்கும் அதன் பொருத்துகளும் ஊராட்சியுடையவை. விளக்குக்கான மின்கட்டணத்தையும் ஊராட்சிதான் கட்டுகிறது. பல்பு போனால் ஊராட்சி. கம்பத்துக்கு மின்சாரமே வரவில்லை என்றால் வாரியம். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்துக் கம்பத்தில் எரிகிறதா, அதே கம்பத்திலிருந்து இணைப்பு எடுத்த வீட்டில் மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும் என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் அப்பா எலக்ட்ரீஷியன்.

சாலையும் இப்படித்தான். ஊருக்குள் இருக்கும் தெருவும் சிறு சாலையும் ஊராட்சி. ஊர்களை இணைக்கும் சாலை ஊராட்சி ஒன்றியமாக இருக்கலாம், நெடுஞ்சாலைத் துறையாகவும் இருக்கலாம். பேருந்து போகும் சாலையில் பள்ளம் என்றால் மெம்பரைத் திட்டிப் பயனில்லை.

அதே பாடத்தில் வரும் இன்னொரு குழப்பம், எந்த உறுப்பினர் யார் என்பது. ஊரகப் பகுதியில் ஒவ்வொரு வாக்காளருக்கும் நான்கு ஓட்டு: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். ஊர்ப்பேச்சில் முதலாமவர் மெம்பர், மூன்றாமவர் கவுன்சிலர். தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள் என்று வாக்குச்சீட்டின் நிறத்தை வைத்துச் சொன்னால் பிள்ளைகள் மறப்பதில்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் இந்தத் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. பிள்ளைகள் அம்மாவோடு வாக்குச்சாவடிக்குப் போயிருக்கிறார்கள், நிறம் நினைவிருக்கிறது. நகர்ப்புறப் பள்ளி ஆசிரியர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கே ஒரே ஓட்டு, ஒரே வார்டு உறுப்பினர்.

அடுத்த வாரம் எங்கள் வார்டு மெம்பரை வகுப்புக்கு அழைத்தோம். அவர் ஒரு பெண். தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு என்று பாடத்தில் பெருமையாகப் படிக்கிறோம். ஆனால் வந்தது இரண்டு பேர். அவர் கணவர் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மஞ்சப்பையை வாங்கி வைத்தவரும் இவர்தான். முதல் கேள்விக்கு அவரே பதில் சொல்லத் தொடங்க, முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி எழுந்து, "நாங்க மெம்பர்கிட்ட கேட்டோம்ணா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் நல்லவேளையாகச் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, உங்க மெம்பரே சொல்லுவாங்க" என்று வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

முதலில் தயங்கினாலும் அந்த அம்மா நன்றாகப் பேசினார். "உங்களுக்கு எவ்ளோ சம்பளம்?" என்று ஒருவன் கேட்டான். "சம்பளமே கெடையாதுப்பா. கூட்டத்துக்குப் போனா படி குடுப்பாங்க." "அப்ப எங்க தெருவுக்கு நீங்க எவ்ளோ காசு தருவீங்க?" "என்கிட்ட ஏது காசு?" இது வகுப்பில் பலருக்கு அதிர்ச்சி. சட்டமன்ற உறுப்பினருக்கு இருப்பதுபோல் வார்டு உறுப்பினருக்குத் தனி நிதி கிடையாது. ஊராட்சிக்கு வருவது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், பிறகு மாநில நிதி ஆணையமும் மத்திய நிதிக்குழுவும் வழங்கும் மானியம். செலவுக்கு ஒப்பமிடுவது தலைவரும் துணைத் தலைவரும். வார்டு உறுப்பினரின் பலம் மன்றக் கூட்டத்தில் பேசுவதும், தீர்மானத்துக்கு ஆதரவாகவோ எதிராகவோ நிற்பதும்தான். "நீங்க பேசுனீங்களா?" என்று அதே சிறுமி கேட்டாள். மெம்பர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே பேசறேன்" என்றார்.

கேள்விகளில் ஒன்றை மட்டும் நான் கடைசிவரை ஒதுக்கி வைத்திருந்தேன். "எங்க தெருவுக்கு மட்டும் ஏன் தண்ணி கடைசியில வருது?" காலனியிலிருந்து வரும் பிள்ளை எழுதியது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்தத் தெருவுக்கு எப்போது விடுவது என்பது ஆபரேட்டர் கையில் இருக்கும் வால்வைத் திறக்கும் வரிசை. கடைசியாகத் திறக்கும் தெருவுக்குத் தொட்டியில் மீதமிருப்பதுதான் வரும், அழுத்தமும் குறைந்துவிடும். இவ்வளவும் அறிவியல். வரிசையை முடிவு செய்தது அறிவியல் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊரகப் பகுதியில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல். அதை வைத்து, வீட்டில் எத்தனை பேர், எத்தனை குடம் வருகிறது என்று எல்லாத் தெருப் பிள்ளைகளையும் ஒரு வாரம் குறித்துவரச் சொன்னேன். கணக்குப் பாடமாகவே நடந்தது. யாரையும் குற்றம் சாட்டாமல் எண்கள் வகுப்புச் சுவரில் ஒட்டப்பட்டன.

அந்தத் தாளைப் பெற்றோர் இருவர் ஜனவரி 26 கிராம சபைக்குக் கொண்டுபோனார்கள். கிராம சபை பற்றிப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்; அழைப்பு வர வேண்டியதில்லை. குடியரசு நாள், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு முறை கூடியது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு முறை. வரவு செலவைக் கேட்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் முன் நாம் சொன்னது எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துப் பார்ப்பது. பேசிவிட்டுப் போனது ஊர்ப்பேச்சு, எழுதப்பட்டதுதான் தீர்மானம். எங்கள் ஊரில் முதல் பக்கத்தில் வருகைக் கையெழுத்து வாங்கிவிட்டுப் பின்பக்கங்களைப் பிறகு நிரப்பும் வழக்கம் இருந்தது. அன்று ஒரு தாய் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி விசயத்த எழுதுங்க, அப்புறம் போடறேன்" என்று நின்றார். வால்வு திறக்கும் வரிசையை வாரம் ஒருமுறை மாற்றுவது என்று எழுதப்பட்டது. பேசத் தொடங்கியது எங்கள் மெம்பர்தான். சத்தம் போட்டவர்களும் இருந்தார்கள்.

இந்தச் செயல்பாட்டைச் செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளைப் புகார் கொடுப்பவர்களாக முன்னால் நிறுத்தாதீர்கள். ஊரில் நாளை அவர்கள்தான் நடமாட வேண்டும். கேள்வியைச் சேகரிப்பதும் பிரிப்பதும் அளப்பதும் அவர்கள் வேலை. கேட்பது வாக்காளர்களின் வேலை. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்பே சொல்லிவிடுங்கள். அக்குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கிராம சபைக்குக் கொண்டுபோக அதைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை. உங்கள் பகுதியில் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தால், யாரை வகுப்புக்கு அழைப்பது என்ற சிக்கல் வரும். அப்போது ஊராட்சிச் செயலரை அழைக்கலாம். உண்மையில் எந்தத் தாள் எங்கே போகும் என்பது ஊரில் அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஆயாவுக்கு விண்ணப்பம் இ-சேவையில் பதிந்தது பிப்ரவரியில். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். ஜூனில் பள்ளி திறந்த இரண்டாம் வாரம் பணம் வந்ததாகப் பேத்தி வந்து சொன்னாள். மஞ்சப்பையைத் திரும்ப வாங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். "மெம்பரம்மாவே கொண்டாந்து குடுத்தாங்க டீச்சர்" என்றாள். ஏரிக்கரை வளைவில் விளக்குப் போட்டார்கள், ஆடிக் காற்றில் மறுபடி போய்விட்டது. இம்முறை வீட்டில் மின்சாரம் இருந்தது, ஆகவே ஊராட்சிதான் என்று ஏழாம் வகுப்புக்குப் போன அந்த மூன்று பிள்ளைகளும் அவரவர் அம்மாவிடம் சொல்லி மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.