யப்பானியப் பல்கலைக்கழக மாணவரின் வாழ்வும் வரவு செலவும்

யப்பான் நாட்டுத் தொடக்கப் பள்ளிகள் பலவற்றின் முற்றத்தில் ஒரு சிறுவனின் சிலையைக் காணலாம். முதுகில் விறகுக்கட்டு, கையில் விரித்த நூல், நடந்தவாறே படிக்கின்றான். நினோமியா கின்சிரோ என்னும் அச்சிறுவர் 1787 ஆம் ஆண்டிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, உழைத்துக்கொண்டே கற்று, பிற்காலத்தில் வேளாண்மைச் சீர்திருத்தத்தாற் பெரும்புகழ் எய்தியவர். வறுமையுற்றவிடத்தும் கல்வியைக் கைவிடலாகாது என்பதற்கு அந்நாட்டார் காட்டும் எடுத்துக்காட்டு அவர். இன்றைய பல்கலைக்கழக மாணவரும் ஒருவகையில் அச்சுமையையே சுமக்கின்றனர். ஆயின் விறகின் இடத்தை உணவுத்தட்டும் கடன்பத்திரமும் பெற்றுவிட்டன. அச்சுமை எத்தகையது, அது மாணவர் முதுகில் ஏறியது எவ்வாறு என்பனவற்றை ஈண்டு நோக்குவாம்.

1945 ஆம் ஆண்டு தொட்டு இலவசக் கல்வியிற் பழகிய நமக்கு, யப்பானியப் பல்கலைக்கழகக் கட்டணங்கள் வியப்பளிப்பன. அரசினர் பல்கலைக்கழகமொன்றிற் சேரும் மாணவன் அனுமதிக் கட்டணமாக 2,82,000 யென் செலுத்துதல் வேண்டும். அதன்மேல் ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். இது 2005 ஆம் ஆண்டில் விதிக்கப்பெற்ற பொது அளவாகும். தோக்கியோப் பல்கலைக்கழகம் 2025 ஆம் ஆண்டிற் புகுந்தோர் தொடக்கம் இதனை 6,42,960 யென் ஆக உயர்த்தியது. இவையெல்லாம் அரசினர் நிறுவனங்களின் கணக்கு. மாணவர் நால்வரில் மூவருக்கு மேற்பட்டோர் கற்பது தனியார் பல்கலைக்கழகங்களிலேயே. அங்கு ஆண்டுக் கட்டணம் சராசரியாக ஒன்பது இலட்சம் யென்னைக் கடந்துள்ளது. மருத்துவமெனின் சொல்லவே வேண்டியதில்லை.

எக்காலத்தும் நிலைமை இவ்வாறிருந்ததன்று. 1963 ஆம் ஆண்டில் அரசினர் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 12,000 யென் மாத்திரமே. 1972 இல் அது 36,000 ஆயிற்று. 1976 இல் 96,000 ஆயிற்று. பின்னரும் படிப்படியாக ஏறி 2005 இல் இன்றைய அளவை அடைந்தது. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய நாற்பத்தைந்து மடங்கு! அக்காலத்திற் பண்டங்களின் விலையும் உயர்ந்ததுண்டு. ஆயின் அது சில மடங்கே. இவ்வுயர்வுக்குக் காட்டப்பெற்ற நியாயங்கள் இரண்டு. கல்வியாற் பயன்பெறுவோரே அதன் செலவை ஏற்றல் முறை என்பது ஒன்று. தனியார் நிறுவன மாணவர் பெருந்தொகை கொடுக்க, அரசினர் நிறுவன மாணவர் சிறுதொகை கொடுத்தல் நீதியன்று என்பது மற்றொன்று. இரண்டாவது நியாயம் விந்தையானது. ஒருவன் சுமை மிகுதி என்றால் அதனைக் குறைப்பதை விடுத்து, அடுத்தவன் தலையிலும் அதே சுமையை ஏற்றுதலை நீதியென்று கொள்வது எங்ஙனம்?

இனி, மாணவனின் அன்றாட வாழ்வுக்கு வருவாம். கல்வியாண்டு ஏப்பிரில் மாதத்திலே, செரி மரங்கள் பூக்கும் காலத்தையொட்டித் தொடங்குகின்றது. நாட்டுப்புறத்திலிருந்து பெருநகருக்கு வரும் மாணவன் முதலிற் தேடுவது அறை. மெய்சி காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 'சோசெய்' எனப்பட்ட ஏழை மாணவர் செல்வர் வீடுகளிற் தங்கி, வாயில் காத்தும் முற்றம் பெருக்கியும் கற்றனர். போருக்குப் பின் வந்தவர்கள் நாலரைப் பாய் விரிக்கும் சிற்றறைகளில் வாடகைக்கு இருந்து, குளிப்பதற்குப் பொதுக் குளிப்பகங்களுக்குச் சென்றனர். இன்றைய மாணவனுக்கு அடுப்பும் குளியலிடமும் சேர்ந்த ஒற்றையறை கிடைக்கின்றது. ஆயின் குடிபுகுமுன் முற்பணம் கட்டல் வேண்டும். பல இடங்களில் 'நன்றிப்பணம்' என்றொரு தொகையும் வீட்டுரிமையாளருக்குச் செலுத்தல் வேண்டும். அது திரும்பக் கிடைப்பதன்று. பணம் வாங்குபவனுக்குப் பணம் கொடுப்பவன் நன்றியும் செலுத்துவது அந்நாட்டு மரியாதையின் சிறப்புப் போலும்.

குறைந்த வாடகை விடுதிகளும் சில உண்டு. கியோத்தோப் பல்கலைக்கழகத்தின் யோசிதா விடுதி 1913 ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற மரக்கட்டடம். மாணவரே நிருவகித்த அவ்விடுதியில் நீர், மின்சாரச் செலவு உட்பட மாதம் 2,500 யென் அளவே செலவாயிற்று. கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்காது என்று காரணங்காட்டிப் பல்கலைக்கழகம் 2019 இல் மாணவரை வெளியேற்ற வழக்குத் தொடுத்தது. மாணவர் எளிதில் விட்டுக்கொடுத்தாரல்லர். வெளியே ஓர் அறைக்கு அதைப்போற் பன்மடங்கு கொடுக்கவேண்டும் என்பதை நோக்கின் அவர் பிடிவாதத்தின் பொருள் விளங்கும்.

வீட்டிலிருந்து வரும் பணம் எவ்வளவு? தோக்கியோப் பகுதித் தனியார் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்கள் புதுமுக மாணவரிடையே ஆண்டுதோறும் ஒரு கணக்கெடுப்பு நடாத்துகின்றன. பெற்றோர் அனுப்பும் தொகையில் வாடகையைக் கழித்து, எஞ்சியதை நாட்கணக்கிற் பங்கிட்டுப் பார்க்கும் முறை அது. 1990 ஆம் ஆண்டில் ஒரு நாளுக்கு 2,460 யென் எஞ்சியது. 2020 தொடக்கமான ஆண்டுகளில் எஞ்சியது அறுநூறு எழுநூறு யென் அளவே. உணவு, உடை, நூல், தொலைபேசி யாவும் அதனுள் அடங்கவேண்டும். மாணவர் கூட்டுறவுச் சங்க உணவுச்சாலையில் ஒருவேளை உணவு உண்டால் அதில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். சில பல்கலைக்கழகங்களிற் காலையுணவு நூறு யென்னுக்கு வழங்கப்பெறுவது மாணவர்க்குப் பேருதவியாயுள்ளது.

எஞ்சிய பள்ளத்தை நிரப்புவது 'அருபைத்தோ'. உழைப்பு என்று பொருள்படும் செருமன் சொல்லை யப்பானிய மாணவர் தமதாக்கிப் பகுதிநேர வேலைக்குப் பெயராக்கினர். உணவகத்திற் பரிமாறுதல், கடையிற் காசு வாங்குதல், தனிவகுப்பு நிலையங்களிற் கற்பித்தல் என்பன வழக்கமான வேலைகள். இரவு பத்து மணிக்கு மேல் வேலை செய்வோருக்குச் சட்டப்படி நாலிலொரு பங்கு மிகைக்கூலி உண்டு. ஆதலின் விடியும்வரை கடையில் நின்றுவிட்டு, காலை விரிவுரையிற் கண்ணயரும் மாணவர் பலர். பகலிற் கற்பித்து இரவில் விளக்கின் முன் அமர்ந்து வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்தவன் என்ற முறையில், அவ்வுறக்கத்தைப் பழிக்க என்னால் இயலவில்லை. தேர்வுக் காலத்திலும் விடுமுறை கொடாத முதலாளிமாரின் கொடுமையைக் கண்ட பேராசிரியர் ஓஉச்சி இரோக்கசு 2013 இல் அதனைக் 'கரிய அருபைத்தோ' என்று பெயரிட்டழைத்தார். அயல்நாட்டு மாணவர்க்கு இன்னொரு வரம்பும் உண்டு: கல்வித் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 28 மணிநேரத்துக்கு மேல் உழைத்தலாகாது. நம் நாட்டிலிருந்து அங்குச் செல்ல விழையும் இளைஞர், வேலை செய்தே கட்டணம் முழுவதையும் கட்டிவிடலாம் என்று எண்ணுமுன் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் நன்று.

மிகுதியாக உழைத்தலுக்கும் ஒரு சுவர் இருந்தது. மாணவன் ஆண்டுக்கு 10,30,000 யென்னுக்கு மேல் ஈட்டினால், தந்தைக்கு அவன் பொருட்டுக் கிடைத்த வரிச்சலுகை நீங்கிவிடும். ஆதலின் ஆண்டிறுதியில், கடைகளுக்கு ஆள் மிகத் தேவையான வேளையில், மாணவர் வேலையைக் குறைத்துக்கொள்வர். 2025 ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் மாணவர்க்குரிய இவ்வெல்லையைப் பதினைந்து இலட்சமாக உயர்த்தியது.

இவ்வளவுக்கும் மேலாக நிற்பது 'சோகாக்குக்கின்'. சொல்லின் பொருள் 'கல்வியை ஊக்கும் பணம்' என்பது. நாம் இதனைப் புலமைப்பரிசில் என்று மொழிபெயர்ப்போம்; மொழிபெயர்த்து ஏமாறுவோம். ஏனெனில் அது பெரும்பாலும் கடன். 1943 ஆம் ஆண்டில் போர்க்காலத்தே தொடங்கப்பெற்ற அரசாங்க நிதியம் தொடக்கத்திலேயே கொடையன்றிக் கடனையே வழங்கிற்று. எனினும் அன்று வட்டி இல்லை. அதனினும் சிறந்த விதியொன்றும் இருந்தது: பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலிற் புகுந்து குறித்த காலம் பணியாற்றினால் கடன் தள்ளுபடியாகும். கல்விக்காகப் பெற்றதைக் கல்வியாலேயே தீர்த்தல்! இதனிலும் அழகிய கடன் தீர்ப்பு முறை உண்டோ என ஐயுறுகின்றேன். 1984 இல் வட்டிக்கடன் புகுந்தது. 1998 இற் பட்டப்படிப்பு (இளநிலை) மாணவர் தொடர்பான அவ்வாசிரியச் சலுகை ஒழிந்தது. 2004 இல் நிதியம் மறுசீரமைக்கப்பெற்றது. மூன்று மாதம் தவணை தவறியோர் பெயரை, வங்கிகள் நோக்கும் கடன் பதிவேட்டிற் சேர்க்கும் வழக்கம் 2010 இற் தொடங்கியது. பெயர் மாத்திரம் மாறவில்லை. இன்னும் 'ஊக்கும் பணமே'. பதினெட்டு வயதினன் கடன்பத்திரமென்று தலைப்பிட்ட தாளிற் கையொப்பமிடத் தயங்குவான். ஊக்கப்பணம் என்றால் தயங்குவானா?

உண்மையான கொடை 2017 இலேயே தொடங்கியது. 2020 ஏப்பிரில் தொட்டு வருமானங் குறைந்த குடும்பத்தினர்க்குக் கட்டண விலக்கும் கொடைப்பணமும் சேர்ந்து கிடைக்கின்றன. 2025 இல் மூன்றும் அதன் மேலும் பிள்ளைகளைப் பேணும் குடும்பங்களுக்கு வருமான வரம்பின்றிக் கட்டணச் சலுகை விரிந்தது. இவை வரவேற்கத்தக்கன. இடைத்தரக் குடும்பத்தில் ஒன்றிரண்டு பிள்ளைகளுள் ஒருவனாய்ப் பிறந்தவனோ பெரும்பாலும் பழைய வழியே செல்கின்றான்.

அவன் கணக்கைப் பார்ப்போம். மாதம் 50,000 யென் வீதம் நான்காண்டு கடன் பெற்றால் 24 இலட்சம் யென். மூன்றாமாண்டிலிருந்தே கரிய உடை தரித்து நேர்முகப் பரீட்சைகளுக்கு அலைந்து, பட்டம் பெற்ற ஏப்பிரிலில் வேலை ஏற்கின்றான். அவ்வாண்டு ஒக்தோபர் 27 ஆம் திகதி முதற்றவணை அவன் வங்கிக் கணக்கிலிருந்து கழிகின்றது. பதினைந்தாண்டிற் தீர்ப்பதெனின், முதல் மாத்திரமே மாதம் 13,000 யென்னுக்கு மேல்; வட்டி வேறு. கடைசித் தவணை கட்டும்போது அவனுக்கு வயது முப்பத்தேழு. அவனுடைய மூத்த பிள்ளை அப்போது தொடக்கப் பள்ளியிற் படித்துக்கொண்டிருத்தல் கூடும்.