ரிவர்ஸ்டன் மலைவீதியும் இரண்டாம் நெம்புகோலும்

மாத்தளையினின்றும் இரத்தோட்டை வழியாக நக்கிள்ஸ் மலைத்தொடரை ஏறும் வீதி, ரிவர்ஸ்டனைக் கடந்து பிட்டவல பத்தனைப் புல்வெளியை நோக்கி இறங்குகின்றது. வீதி தாரிட்டது, அதனின்று பிரியும் மண்பாதைகளோ மழையிற் சேறாகிவிடுவன. இங்கு செல்லும் பழைய நாற்சில்லு இயக்க வாகனங்களிற் சாரதியின் கியர்க்கோலுக்கு அருகே மற்றுமொரு சிறு நெம்புகோல் நிற்பதைக் காணலாம். அதன் தொழிலையும், பழுதுற்றால் மாற்றும் முறையையும் ஈண்டு விளக்குவாம்.

எஞ்சினின் வலு கியர்ப்பெட்டியைக் கடந்து டிரான்ஸ்பர் பெட்டியை அடைகின்றது. அவ்வலுவை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பகிர்வது அப்பெட்டி. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இதற்கென இரு சிறு நெம்புகோல்கள் இருந்தன. ஒன்று முன்னச்சை இணைத்தது; மற்றது உயர்நிலை, தாழ்நிலை என்பவற்றை மாற்றியது. தாழ்நிலையிற் சில்லுகளின் சுழற்சி ஏறக்குறைய இரண்டு முதல் மூன்று மடங்கு குறைய, இழுவிசை அதற்கேற்ப மிகும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துவதால் பிறேக்குகள் சூடேறித் தளர்வதில்லை.

நெம்புகோல் அசையவில்லையெனில் உடனே அதனைப் பழிக்கலாகாது. வளைவில் முன்சில்லுகள் பின்சில்லுகளிலும் நீண்ட வழி செல்லும். இரு அச்சுகளையும் இறுகப் பிணைக்கும் வாகனத்தை உலர்ந்த தார்வீதியில் நாற்சில்லு இயக்கத்தில் ஓட்டினால், சில்லுகள் வழுக்க இடமின்றித் தண்டுகள் முறுக்கேறும், நெம்புகோலும் இறுகிவிடும். நேராகச் சில யார் பின்னோக்கிச் செலுத்தின் முறுக்குத் தளரும். சுத்தியலுக்கு வேலையில்லை.

உண்மையில் தேய்ந்தோ வளைந்தோ இருப்பின் மாற்றவேண்டியதே. வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சில்லுகளின் இருபுறமும் கட்டை வைத்தல் முதற்கடன். ஏனெனில், டிரான்ஸ்பர் பெட்டி நடுநிலைக்கு வந்துவிட்டாற் கியரிற் போட்ட வண்டியும் உருளும். பின்பு குமிழையும் றப்பர் உறையையும் தரைத்தகட்டையும் கழற்றி, இணைப்புத் தண்டின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு ஆணியை நீக்குக. புதிய புஷ்களுக்குக் கிறீஸ் இட்டுப் பூட்டுக. பெட்டியின் உட்கோலை ஒரு நிலையில் முற்றாகப் பொருத்தி, நெம்புகோலையும் அதே நிலையில் வைத்தபின், ஆணி வலிந்து தள்ளாமலே நுழையுமாறு தண்டின் நீளத்தைச் சரிசெய்தல் வேண்டும்.

இதுவே இவ்வேலையின் உயிர்நிலை. தண்டின் நீளம் பிழைத்தால், பற்கள் முழுதும் பொருந்துமுன் நெம்புகோல் தரையின் விளிம்பில் முட்டி நிற்கும். சாரதி தாழ்நிலை விழுந்ததென நம்புவார். பாதியே பொருந்திய பற்களோ பாரம் ஏறியவுடன் விலகி நடுநிலைக்கு வரும். செங்குத்தான இறக்கத்தில் எஞ்சினின் பிடி அக்கணமே அற்றுப்போக, பாரம் முழுவதும் பிறேக்குகள்மீது விழும். ஆகவே ஒவ்வொரு நிலையையும் முதலில் நிறுத்தியபடியும், பின்பு சமதரையில் மெல்ல ஓட்டியும் சோதித்த பின்னரே மலைக்குப் புறப்படல் வேண்டும்.

உருவத்தாற் சிறியதை இகழலாகாதென்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியைக் காட்டினார். மாணாக்கரை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டனை விட்டு இறங்கும் சாரதிக்கு அவ்வச்சாணி இந்நெம்புகோலே என்க.